தலைமையாசிரியர் மறுக்கவில்லை, சேர்த்துக்கொள்ளவும் இல்லை

கெளுகோர்_அப்பா

வணக்கம். பினாங்குத் தீவில் இருக்கிறேன். மகனுக்கு அடுத்த ஆண்டு முதலாம் ஆண்டு. ஆட்டிசம். ஓகேயு அட்டை, அதாவது மாற்றுத்திறனாளி அட்டை, எடுத்தாகிவிட்டது, கற்றல் குறைபாடு பிரிவில். பேச்சு குறைவுதான், ஆனால் வாசிப்பான். பாலத்தில் போகும்போது முன்னால் போகிற லாரிகளின் பின்பக்கத்தில் எழுதியிருப்பது ஒன்று விடாமல் வாசித்துக்கொண்டே வருவான். தமிழ் எழுத்தை என் அம்மா கோயில் நாட்காட்டியை வைத்துச் சொல்லிக்கொடுத்தார். இப்போது ராகு காலம், எமகண்டம் எல்லாம் அவனைக் கேட்டால் போதும்.

போன வாரம் வீட்டுக்குப் பக்கத்துத் தமிழ்ப்பள்ளிக்குப் போனேன். நான் படித்த பள்ளி. தலைமையாசிரியர் நல்ல மனிதர், கோப்பி வரவழைத்துக் கொடுத்து முக்கால் மணி நேரம் பேசினார். அந்த முக்கால் மணி நேரத்தில் ஒரு தடவைகூட முடியாது என்று சொல்லவில்லை. "இங்கே பிபிகேஐ வகுப்பு கிடையாது ஐயா" என்றார், சாதாரணப் பள்ளிக்குள் நடக்கும் சிறப்புக் கல்வி வகுப்பைத்தான் சொன்னார். "டீச்சர்களுக்கு அந்தப் பயிற்சி இல்லை" என்றார். கடைசியில் வாசல் வரை கூடவே வந்து, தோளில் கை வைத்து, "பிள்ளையோட நன்மைக்காகத்தான் சொல்றேன்" என்றார். நானும் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். காரை எடுத்து சாலைக்கு வந்த பிறகுதான் உறைத்தது, விண்ணப்பப் பாரம் என்று ஒன்றை அவர் மேசையிலிருந்து எடுக்கவே இல்லை.

யாரையும் திட்ட வரவில்லை. இங்கே ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், முன்னாள் தலைமையாசிரியர்களும் ஓரிருவர் இருக்கிறீர்கள் என்று தெரியும். எங்களை மாதிரி ஆட்கள் வெளியே போன பிறகு உள்ளே என்ன பேசிக்கொள்கிறீர்கள்? பயமா, வேலை கூடும் என்கிற சலிப்பா, இல்லை உண்மையிலேயே பிள்ளைக்கு அதுதான் நல்லது என்று நம்புகிறீர்களா? அது தெரிந்தால்தான் இரண்டாவது தடவை போய் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியும்.

பிறை_அம்மா

அண்ணே, அப்படியே என் கதை. வார்த்தைகூட மாறவில்லை, "நன்மைக்காகத்தான்". நான் அதைக் கேட்டுக்கொண்டு மகளைத் தேசியப் பள்ளியின் பிபிகேஐ வகுப்பில் போட்டேன். குறை சொல்ல முடியாது, அந்த ஆசிரியைகள் தங்கமான பெண்கள், பிள்ளை சட்டைப் பொத்தான் போடக் கற்றுக்கொண்டது அங்கேதான். ஆனால் மூன்று ஆண்டில் தமிழ் போய்விட்டது. பாட்டி "சாப்பிட்டியா கண்ணு" என்றால் அவள் "சூடா" என்கிறாள். சூடா என்றால் மலாயில் 'ஆச்சு'. பாட்டி ஒவ்வொரு நாளும் சோற்றை ஆறவைத்து ஊதி ஊதிக் கொடுக்கிறார். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

பூச்சோங்_ராஜா

"தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு" என்று ஊர் முழுக்க பேனர் கட்டுகிறோம். எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கு என்று சின்ன எழுத்தில் கீழே போட்டிருப்பார்களோ என்னவோ.

செந்தூல்_வக்கீல்

உணர்ச்சியைக் கொஞ்சம் ஓரம் வைத்துவிட்டுச் சட்டத்தைப் பார்ப்போம், ஏனென்றால் அந்தத் தலைமையாசிரியர் முடியாது என்று சொல்லாததற்கு அதில்தான் காரணம் இருக்கிறது.

1997ஆம் ஆண்டு சிறப்புக் கல்வி விதிமுறைகளில் 'கற்பிக்கத் தக்க' பிள்ளை என்று ஒரு வகை இருந்தது. பிறர் உதவி இல்லாமல் தன்னைத் தானே கவனித்துக்கொள்ள முடியவேண்டும், தேசியக் கல்வித் திட்டத்தைப் பின்பற்ற முடியும் என்று ஒரு குழு சொல்லவேண்டும். அப்படிச் சொல்லாவிட்டால் பள்ளியின் கதவு சட்டப்படியே மூடியிருக்கும். அப்புறம் 2008இல் மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தது, 685வது சட்டம். அதன் 28வது பிரிவு, குறைபாட்டைக் காரணம் காட்டிப் பொதுக் கல்வி முறையிலிருந்து யாரையும் ஒதுக்கக்கூடாது என்கிறது. 2010இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையை மலேசியா ஏற்று உறுதி செய்தது. 2013இல் 1997 விதிமுறைகளுக்குப் பதிலாகப் புதிய விதிமுறைகள். 2019 ஜனவரியில் 'ஸீரோ ரிஜெக்ட்' கொள்கை, அதாவது எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக்கூடாது.

ஆக, இன்றைக்கு ஒரு தலைமையாசிரியர் வாய்விட்டு மறுத்தால் அது அவர் தலைக்கு வரும். அதனால்தான் கோப்பி கொடுக்கிறார்கள். நன்மைக்காகச் சொல்வது மறுப்பில் சேராது, அது ஆலோசனை. பெற்றோர் தாமே பின்வாங்கிவிட்டால் கோப்பில் ஒன்றும் இருக்காது.

மறுபக்கமும் சொல்லிவிடுகிறேன். 2008 சட்டத்தில் தண்டனைப் பிரிவு கிடையாது. 41வது பிரிவு அரசாங்கத்தின் மேல் வழக்கு வராதபடி பார்த்துக்கொள்கிறது. ஆகவே நீதிமன்றம், வழக்கு என்று கனவு காணவேண்டாம். பாரத்தை எழுத்தில் கேளுங்கள், தேதி போட்டு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்காவிட்டால் வடகிழக்கு மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு நேரே போங்கள், கெளுகோர் அதில்தான் வரும். சண்டை போடாமல் செய்யலாம்.

கெளுகோர்_அப்பா

நன்றி வக்கீல் ஐயா. ஆனால் ஒன்று. மாவட்ட அலுவலகம் சொல்லிச் சேர்த்துக்கொள்கிற பள்ளியில் என் பையன் ஆறு வருடம் இருக்கவேண்டும். காலையில் ஏழரை மணிக்கு அவனை வாசலில் விட்டுவிட்டு நான் வேலைக்குப் போய்விடுவேன். அங்கே உள்ளவர்கள் மனத்தில் கறுவிக்கொண்டு இருந்தால் சட்டம் என்ன செய்யும்?

செந்தூல்_வக்கீல்

ஒன்றும் செய்யாது. அது உண்மைதான்.

ஓய்வு_வாத்தியார்

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன், எழுதலாமா வேண்டாமா என்று யோசனை. 2017இல் ஓய்வு பெற்றேன். செபராங் பிறையில் ஒரு சின்னத் தமிழ்ப்பள்ளிக்குத் தலைமையாசிரியராக இருந்தவன். தொண்ணூறு சொச்சம் மாணவர்கள், என்னையும் சேர்த்துப் பதினோரு ஆசிரியர்கள். 150க்குக் கீழே போனாலே அது குறைந்த மாணவர் பள்ளி, கணக்கில் நாங்கள் அந்த ரகம்.

தம்பி கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறேன். நீங்கள் போன பிறகு நாங்கள் அதிகம் பேசுவதில்லை. கோப்பிக் கோப்பையை எடுக்கச் சொல்லிவிட்டு அடுத்த கோப்பைத் திறப்போம். கொஞ்சம் குற்ற உணர்ச்சி இருக்கும், மதியம் சாப்பிடும்போது போய்விடும்.

என் காலத்தில் நான் இரண்டு பிள்ளைகளை அப்படித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதே தொனி, அதே வாசல். அப்போது என் மனத்தில் என்ன இருந்தது என்று கேட்டால் முதல் காரணம் யூ.பி.எஸ்.ஆர்., அந்த ஆறாம் ஆண்டு அரசாங்கப் பரீட்சைதான். இளையவர்களுக்குப் புரியாது, 2021இல் அதை எடுத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் பள்ளி வேலியில் தொங்கும் '7ஏ' பேனர்தான் தலைமையாசிரியருடைய முகம். பதினான்கு பேர் பரீட்சை எழுதுகிற பள்ளியில் ஒரு பிள்ளை தவறினால் ஏழு விழுக்காடு போய்விடும், பெரிய பள்ளிக்கு அது தெரியவே தெரியாது. மாவட்டக் கூட்டத்தில் திரையில் பட்டியல் வரும்போது நம் பள்ளியின் பெயர் எந்த வரிசையில் நிற்கிறது என்று பார்க்கும் அந்த வினாடி இருக்கிறதே, அதை அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். சிறப்புத் தேவை மாணவருக்கு வேறு மதிப்பீடு இருக்கிறது, அவர்களைத் தனியாகப் பதியலாம் என்பதையெல்லாம் நான் தேடித் தெரிந்துகொள்ளவில்லை. தெரிந்தால் சேர்க்கவேண்டி வருமே.

இரண்டாவது காரணம் வாசல் கேட். என் பள்ளிக்கு முன்னால் தொழிற்பேட்டைக்குப் போகும் சாலை, லாரிகள் வந்துகொண்டே இருக்கும். காவலுக்கு ஜாகா ஒருவர், அறுபத்தெட்டு வயது. ஒரு பிள்ளை ஓடினால் பிடிக்க முடியாது. ஓடி ஒன்று ஆகிவிட்டால் பத்திரிகையில் யார் பெயர் வரும்? கொள்கை எழுதியவர் பெயர் வராது.

சலிப்பும் உண்டு, மறைக்கவில்லை. சின்னப் பள்ளியில் ஒரே ஆள்தான் மாணவர் நலம், புத்தகக் கடன், மூன்றாம் ஆண்டுக் கணக்கு எல்லாம் பார்ப்பார். அவரிடம் போய் இன்னும் ஒன்று என்று சொல்ல வாய் வராது.

சரி, இனி மாறின கதை. சிற்றுண்டிச்சாலை நடத்திய அம்மாவுக்கு ஒரு மகள். மூளை முடக்குவாதம், வாக்கர் வைத்து நடக்கும் பிள்ளை. அந்த அம்மாவிடம் "நன்மைக்காக" என்றெல்லாம் சொல்ல முடியாது, ஏனென்றால் தினமும் காலையில் அவர் கையால்தான் எனக்கு நாசி லெமாக். அந்தப் பிள்ளை பாலர் வகுப்பிலிருந்து சிற்றுண்டிச்சாலை மேசையில் உட்கார்ந்து வளர்ந்தது. சேர்த்துக்கொண்டேன். வேறு வழி இல்லாமல் சேர்த்துக்கொண்டேன் என்றுதான் எழுதவேண்டும்.

மூன்று ஆண்டு கீழ்த்தளம், சிக்கல் இல்லை. நான்காம் ஆண்டு வகுப்பு மாடியில். இரண்டாம் ஆண்டை மேலே அனுப்பிவிட்டு நான்காம் ஆண்டைக் கீழே கொண்டுவரவேண்டும், அவ்வளவுதான். பத்து நிமிட வேலை. மூன்று வாரம் ஆனது. ஏன் தெரியுமா? இரண்டாம் ஆண்டு டீச்சருடைய அலமாரி. அவர் சொந்தக் காசில் வாங்கி, பூ ஒட்டி வைத்திருந்த அலமாரி, படியில் ஏற்றினால் கீறல் விழும் என்று ஒரே பிடிவாதம். நான் கல்வி அமைச்சையும் மாநிலக் கல்வி இலாகாவையும் நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன், கடைசியில் என்னைத் தடுத்தது ஓர் அலமாரி.

அப்புறம் கழிவறை. எங்களுடையது குந்தி உட்காரும் வகை. பிள்ளை மூன்று ஆண்டாகப் பள்ளியில் தண்ணீர் குடிக்காமலே இருந்திருக்கிறது, குடித்தால் போகவேண்டி வருமே என்று. எங்கள் யாருக்கும் தெரியாது. நான்காம் ஆண்டில்தான் ஒரு டீச்சர் கவனித்தார், கொண்டுவந்த போத்தல் கொண்டுவந்தபடியே திரும்பிப் போகிறது என்று. எங்கள் தோட்டக்காரர் சிற்றுண்டிச்சாலையிலிருந்து ஒரு வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து, நடுவில் ரம்பத்தால் வட்டமாக அறுத்து, விளிம்பு கிழிக்காமல் இருக்க சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டிக் கொடுத்தார். செலவு பூஜ்யம். அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டு அன்றைக்குக் கொஞ்ச நேரம் நின்றேன். வசதி இல்லை, வசதி இல்லை என்று நான் அனுப்பிய இரண்டு பிள்ளைகளும் நினைவுக்கு வந்தார்கள்.

அதில் ஒருவருடைய அப்பாவைச் சந்தையில் இப்போதும் பார்ப்பேன். வணக்கம் ஐயா என்பார். திட்டினால் நன்றாக இருக்கும்.

பிறை_அம்மா

ஐயா, என்ன எழுதுவது என்று தெரியவில்லை. தண்ணீர் குடிக்காமல் மூன்று வருடம்.

செராஸ்_பெற்றோர்

எல்லாரும் ஒரே பக்கம் நின்று பேசுகிறீர்கள், நான் மறுபக்கம் ஒருவன் பேசிவிடுகிறேன், அடிக்க வேண்டாம். என் மகள் கோலாலம்பூரில் ஒரு பெரிய தமிழ்ப்பள்ளி. வகுப்பில் 37 பேர். போன ஆண்டு சிறப்புத் தேவை உள்ள ஒரு பையனை வகுப்பில் உட்காரவைத்தார்கள், உதவிக்கு ஆள் கிடையாது, டீச்சருக்கு ஒரு நாள் பயிற்சிகூடக் கிடையாது. மகள் கையில் கடித்துவிட்டான், பல் பதிந்திருந்தது. நான் போய்ப் பேசினேன். எனக்கு அந்தப் பையன் மேல் கோபமே இல்லை, பாவம், அவனும்தான் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் கிடந்தானாம். ஆனால் தலைமையாசிரியர் என்னிடம் சொன்னது, "என்ன செய்யறது, ஸீரோ ரிஜெக்ட், எங்க கையில இல்ல". இதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஏற்றுக்கொள்வதும் மேலே இருக்கிறவன் சொன்னதால், அதற்கப்புறம் ஒன்றும் செய்யாமல் இருப்பதும் மேலே இருக்கிறவன் கொடுக்காததால். நடுவில் அவர் எதற்கு இருக்கிறார்?

என் மகள் இப்போதும் அந்தப் பையனைப் பார்த்தால் விலகிப் போகிறாள். சேர்த்துவைத்து இதைத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

பட்டர்வொர்த்_டீச்சர்

செராஸ் பெற்றோர் சொன்னதில் தப்பே இல்லை, உங்களை யாரும் அடிக்கமாட்டார்கள். நான் பிபிகேஐ ஆசிரியை, தேசியப் பள்ளியில். பன்னிரண்டு ஆண்டாகிறது, நான்கு தலைமையாசிரியர்களைப் பார்த்துவிட்டேன்.

ஒரு தலைமையாசிரியருடைய கருத்தைத் தெரிந்துகொள்ளவேண்டுமா, கூட்டத்தில் அவர் பேசுவதைக் கேளுங்கள். "நம்ம பிள்ளைங்க" என்கிறாரா, "உங்க பிள்ளைங்க" என்கிறாரா என்று. "உங்க பிள்ளைங்க நேத்து சபையில சத்தம் போட்டாங்க டீச்சர்." நான் பெற்ற பிள்ளைகளா? நான்கு பேரில் மூன்று பேர் அப்படித்தான். கெட்டவர்கள் இல்லை, சத்தியமாக இல்லை. என் வகுப்பு எங்கே இருக்கிறது தெரியுமா, கட்டடத்தின் கடைசியில், பழைய நாற்காலிகள் அடுக்கிவைத்த அறைக்குப் பக்கத்தில். சாய்தளம் கட்டிக்கொடுத்தார்கள், அது ஒரு சாக்கடை விளிம்பில் போய் நிற்கிறது. யாராவது ஆசிரியர் விடுமுறை என்றால் ரிலீஃபுக்கு முதலில் எங்களைத்தான் கூப்பிடுவார்கள், "உங்ககிட்ட பிள்ளைங்க குறைவுதானே" என்று.

வெளிநாட்டு ஆய்வு ஒன்று உண்டு, எங்கள் பட்டப்படிப்பில் வாசித்தது. 2003இல் வெளிவந்தது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் 408 தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர்களைக் கேட்டிருக்கிறார்கள். உள்ளடக்கக் கல்விக்கு, அதாவது இந்தப் பிள்ளைகளைப் பொது வகுப்பிலேயே சேர்த்துப் படிக்கவைப்பதற்கு, தெளிவாக ஆதரவாக இருந்தவர் ஐந்தில் ஒருவர்தான். மற்றவர்களில் பெரும்பாலோர் எதிர்ப்பும் இல்லை, இரண்டும் கெட்டான் நிலை. எனக்கு அதில் மறக்காமல் நின்றது வேறொன்று. இந்தப் பிள்ளைகளோடு நல்ல அனுபவம் இருந்தவர்கள்தான் ஆதரவுப் பக்கம் கூடுதலாக இருந்தார்கள். வாத்தியார் ஐயாவின் பிளாஸ்டிக் நாற்காலி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு எந்தக் குறைபாடு என்பதைப் பொறுத்தும் பதில் மாறியது.

அது இங்கேயும் கண்ணால் பார்க்கிறதுதான். சக்கர நாற்காலி என்றால் தலைமையாசிரியர் புகைப்படம் எடுத்துப் போடுவார். பார்வை, செவி என்றால் அதற்கென்று பள்ளி இருக்கிறதே என்பார், எங்கள் மாநிலத்தில் தஞ்சோங் பூங்காவில் 1954இலேயே காது கேளாதோர் பள்ளி வந்துவிட்டது. டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்புக் குறைபாடு, அவர் கண்ணிலேயே படாது, சோம்பேறி என்று பெயர் வாங்கிக்கொண்டு, படிப்பில் பின்தங்கியவர்களுக்கான குறைநீக்கல் வகுப்பில் இருக்கும். ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. என்று சொன்னால்தான் முகம் மாறும். சத்தம் போடும் பிள்ளை, ஓடும் பிள்ளை. கெளுகோர் அண்ணன் மகன் அந்த வரிசையில் வருவதால்தான் கோப்பி.

ஜெலுத்தோங்_தமிழ்

குறைநீக்கல் என்றதும் கை துடிக்கிறது, நான் அந்த வகுப்புதான் எடுக்கிறேன், தமிழ்ப்பள்ளியில். ஒரு பையன் 'கொடி' என்பதை 'கெரடி' என்று வாசித்தான். எல்லாரும் சிரித்தார்கள். நான் எழுத்தை உற்றுப் பார்த்தேன். முன்னால் கொம்பு, நடுவில் க, பின்னால் கால். அந்தக் காலை ர என்று எடுத்துக்கொண்டால் கெர. அவன் பார்வையில் அவன் வாசித்தது சரி! அவனுக்குக் காலைச் சிவப்பிலும் ர-வை நீலத்திலும் எழுதிக்கொடுத்தேன், ஒரு மாதத்தில் பிரித்துவிட்டான். ன, ண, ந தனி வழக்கு, அது நமக்கே இன்னும் முடியவில்லை. தலைமையாசிரியரிடம் இதைச் சொன்னால் "நல்லது, அறிக்கையில எழுதுங்க" என்றார். வந்து பார்க்கவில்லை. வந்து ஐந்து நிமிடம் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அவர் வாழ்நாளுக்கும் மறந்திருக்கமாட்டார்.

பிரிக்பீல்ட்ஸ்_வாசகன்

வணக்கம், பார்வை குறைந்தவன், இதைக் கைப்பேசி வாசிக்கக் கேட்டுத்தான் எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் கைப்பேசியைத் திட்டவும்.

தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு வரை படித்தேன். என் தலைமையாசிரியர் எதற்கும் கூட்டம் போடவில்லை, பெரிய பேச்சும் பேசவில்லை. பாடநூலைத் தாமே ஏ3 தாளில் பெரிதாக்கி நகல் எடுத்துக் கொடுப்பார். காசு எங்கிருந்து என்று இன்றுவரை தெரியாது. அந்தத் தாளில் அவர் சுருட்டு வாசனை இருக்கும், அதை வைத்து அவரே எடுத்தது என்று கண்டுபிடித்தேன். நான்காம் ஆண்டில் அவர் மாற்றலாகிப் போனார். புதியவர் வந்தார், நகல் நின்றது. ஆறு மாதத்தில் நான் பள்ளியை விட்டேன். அப்புறம் வேறு வழியில் போய் இடைநிலைக்கு ஸ்தாப்பாக் பார்வையற்றோர் பள்ளி, நன்றாகப் படித்தேன், மலாய் பிரெய்ல் அங்கே. தமிழ் பிரெய்லை இருபத்தாறு வயதில் நானாகத்தான் கற்றேன்.

பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றோர் சங்கத்தைச் சுற்றி நடைபாதையில் மஞ்சள் மேட்டுக்கல் பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சில இடத்தில் அது திடீரென்று ஒரு தூணில் முட்டி நிற்கும், இல்லாவிட்டால் அதன் மேலேயே மோட்டார் சைக்கிள் நிற்கும். தலைமையாசிரியர் மாறுகிறபோது எங்களுக்கு நடப்பதும் அதேதான். ஒரு மனிதருடைய நல்ல மனத்தில் ஏறி நடந்துகொண்டிருப்போம், அவருக்கு மாற்றல் கடிதம் வரும்.

செந்தூல்_வக்கீல்

அதனால்தான் ஐயா சட்டம் என்று கத்துகிறேன். மனம் மாற்றலாகும், கோப்பு அங்கேயே இருக்கும்.

பட்டர்வொர்த்_டீச்சர்

கோப்பும் ஏமாற்றும் வக்கீல் சார். 2013–2025 கல்விப் பெருந்திட்டத்தில், சிறப்புத் தேவை மாணவரில் 75 விழுக்காட்டினரை உள்ளடக்கக் கல்வியில் சேர்ப்பது என்று இலக்கு வைத்தார்கள். முழு உள்ளடக்கம், பகுதி உள்ளடக்கம் என்று இரண்டு உண்டு. பகுதி என்றால் தேர்ந்தெடுத்த சில பாடத்துக்கோ புறப்பாட நடவடிக்கைக்கோ மட்டும் போவது. என் மாணவன் உடற்கல்விக்குப் போய்த் திடல் ஓரத்தில் புல்லைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் கணக்கில் அவன் உள்ளே. புல் நன்றாகப் பிடுங்குவான், அது வேறு விஷயம்.

செராஸ்_பெற்றோர்

வாத்தியார் ஐயா, ஒன்று கேட்கிறேன். அந்த வாக்கர் பிள்ளை கடிக்காது. அதனால் உங்கள் கதை இனிமையாக முடிந்தது. கடிக்கிற பையன் என்றால்?

ஓய்வு_வாத்தியார்

சரியான கேள்வி. அந்தப் பையனை நான் பார்த்ததில்லை, ஆகவே பெரிய வாய் வேண்டாம். ஆனால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் கிடந்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கடிப்பதற்கு முன்னால் அது நடந்ததா, பின்னால் நடந்ததா? முன்னால் என்றால் அவன் அரை மணி நேரமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறான், அந்த வகுப்பில் அதை வாசிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. 37 பேர் வகுப்பில் டீச்சர் ஒருத்தியால் அது முடியாது. அவளைக் குறை சொல்லாதீர்கள். தலைமையாசிரியர் செய்திருக்கவேண்டியது, அந்தப் பையனின் பெற்றோரை முதல் வாரமே உட்காரவைத்து, எதற்கு இவன் பொறுக்கமாட்டான், பொறுக்காவிட்டால் எங்கே கொண்டுபோய் விடலாம் என்று கேட்பது. ஆள் இல்லை என்றாலும் ஓர் அறை, ஒரு மூலை எந்தப் பள்ளியிலும் இருக்கும். உங்கள் மகளிடமும் அவர் ஒரு வார்த்தை பேசியிருக்கவேண்டும்.

கெளுகோர் தம்பிக்கும் இதையேதான் சொல்ல வந்தேன். இரண்டாம் தடவை போகும்போது மருத்துவ அறிக்கையை முதலில் நீட்டாதீர்கள். அதைப் பார்த்தாலே எங்களுக்குப் பயம் வரும். ஒரே ஒரு பக்கம், தமிழில், கையால் எழுதுங்கள். ஓய்வு மணி அடித்தால் இவன் என்ன செய்வான், அப்போது என்ன செய்தால் அடங்குவான், எத்தனை நிமிடம் பிடிக்கும், போன் அடித்தால் யார் எத்தனை நிமிடத்தில் வருவீர்கள். பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள். போன தடவை கூட்டிப் போனீர்களா?

கெளுகோர்_அப்பா

இல்லை ஐயா. அவன் ஏதாவது செய்துவிடுவானோ என்று வீட்டிலேயே விட்டுவிட்டேன்.

ஓய்வு_வாத்தியார்

அப்புறம் அவரைச் சொல்லி என்ன.

கெளுகோர்_அப்பா

ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன். இன்று போய் வந்தோம், மூன்று பேரும். பேசியது எல்லாம் எழுத நேரமில்லை, ஒன்று மட்டும்.

அலுவலக அறைக் கதவில் "காலணிகளை வெளியே கழற்றி வைக்கவும்" என்று ஒட்டியிருக்கிறது. பையன் அதைச் சத்தமாக வாசித்தான். கழற்றினான். உள்ளே போனான். போய்த் தலைமையாசிரியருடைய மேசைக்கு அடியில் குனிந்து அவர் சப்பாத்தைப் பார்த்தான். நிமிர்ந்து மறுபடியும் வாசித்தான், "காலணிகளை வெளியே கழற்றி வைக்கவும்". என் மனைவிக்கு உயிரே போய்விட்டது. அவர் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் குனிந்து கயிற்றை அவிழ்த்து, இரண்டு சப்பாத்தையும் கையில் எடுத்துக்கொண்டுபோய் வெளியே வைத்துவிட்டு, காலுறையோடு வந்து உட்கார்ந்தார்.

சேர்த்துக்கொள்கிறேன் என்று இன்னும் சொல்லவில்லை. உதவியாளர் கேட்டு மாவட்டத்துக்கு எழுதிப் பார்க்கிறேன், பிபிகேஐ இல்லாத பள்ளிக்குக் கிடைப்பது கஷ்டம் என்றார். நான் எழுதிய பக்கத்தை இரண்டு தடவை வாசித்தார், மணி விஷயத்தை விரலால் தொட்டுக் காட்டி, "இந்த மணி எனக்கே காதைக் குடையும் ஐயா" என்றார். செவ்வாய்க்கிழமை ஓய்வு நேரத்தில் பையனைக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார், கூட்டத்தில் எப்படி இருக்கிறான் என்று பார்க்க.

பாரம் கொடுத்தார். மூன்று மாதம் வரை தகுதிகாண் காலம் இருக்கும் என்று விளக்கினார். இப்போது சந்தேகம், மருத்துவர் நிரப்பவேண்டிய பகுதியை அரசாங்க மருத்துவமனையில்தான் நிரப்பவேண்டுமா, தனியார் மருத்துவர் போதுமா? தேதி வாங்கினால் நான்கு மாதம் தள்ளிக் கொடுக்கிறார்கள்.

பட்டர்வொர்த்_டீச்சர்

பாரத்தோடு ஓகேயு அட்டையின் நகலை வைத்து, அட்டைக்குக் கையெழுத்துப் போட்ட அதே மருத்துவரிடம் முதலில் கேட்டுப் பாருங்கள், அவரிடம் பழைய கோப்பு இருக்கும், புதிதாகத் தேதி வாங்கவேண்டி வராது. தனியார் என்றால் போவதற்கு முன் மாவட்டத்தில் சிறப்புக் கல்வி அதிகாரியைக் கூப்பிட்டு ஏற்பார்களா என்று கேட்டுவிடுங்கள். செவ்வாய்க்கிழமை மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்னால் போங்கள், மணி அடிக்கும்போது அவன் மணிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டாம். காதுக்கு வைக்கும் ஹெட்ஃபோன் இருக்கிறதா? இல்லாவிட்டால் என்னிடம் கூடுதலாக ஒன்று இருக்கிறது, பட்டர்வொர்த் ஃபெரி முனையத்தில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பிறை_அம்மா

அண்ணே, அந்த ஒரு பக்கத்தை எப்படி எழுதினீர்கள் என்று பெயரை எடுத்துவிட்டு இங்கே போட முடியுமா. என் மகளுக்கு இன்னும் இரண்டு ஆண்டு இருக்கிறது.